பேசியவர்கள் பட்டியல் - வகுப்பறையில் மாணவனை அளந்த கதை



ஆசிரியர் ஏதோ வேலையாக வெளியே கிளம்புகிறார். போகும்போது கிளாஸ் லீடரைக் கூப்பிட்டு, "எவன் பேசினாலும் போர்டில் பேர் எழுதி வை" என்கிறார். அவர் தலை மறைந்ததும் சாக்பீஸோடு லீடர் மேடை ஏறுகிறான். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு. மேலே "பேசியவர்கள்". கீழே முதல் பெயர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னும் பேசினால் இன்னொன்று. ஆசிரியர் திரும்பி வந்ததும் பெருக்கல் குறிகளை எண்ணி அத்தனை அடி.

தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஏழாம் வகுப்பில் நான்தான் லீடர். அந்தப் பட்டியலை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது பி.எட். படிக்கிறேன். போன மாதம் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அச்சடித்த ஒரு தாளில் வகுப்பு எப்படி நடக்கிறது என்று குறிக்க வேண்டும். குறித்துக்கொண்டிருக்கும்போதே, 'இதைத்தானே ஏழாம் வகுப்பிலும் செய்தோம்' என்று தோன்றியது. சாக்பீஸ் போய் பேனா வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாணவன் வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்து எண்ணிக்கையாக எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்தேன். சுற்றிச் சுற்றி அது நம்ம ஊருக்கே வந்து நின்றது! படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

உள்ளங்கையில் எழுதிய மதிப்பெண்

சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்படி 1822-ல் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். பல்லாரி கலெக்டராக இருந்த கேம்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கை அவற்றில் பிரபலமானது. நாட்டுப் பள்ளிகளில் ஒரு நாள் எப்படித் தொடங்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்.

காலையில் முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்கள். அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சைபர். அதாவது இவனுக்குப் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு லேசாக ஒரு அடி. நான்காவது ஆளுக்கு இரண்டு. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூட.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது ஒரு சுத்தமான அளவுகோல். ஒரு நடத்தையை எடுத்துக்கொள்கிறது (சீக்கிரம் வருவது), வரிசைப்படுத்துகிறது, எண் கொடுக்கிறது, அந்த எண்ணையே தண்டனையாகவும் மாற்றிவிடுகிறது. ஆனால் இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இருபது பேரும் விடியற்காலையிலேயே வந்தாலும் ஒருவன் இருபதாவதாகத்தான் இருப்பான். அவனுக்குப் பதினெட்டு அடி. அவன் என்ன தப்பு செய்தான்? ஒன்றும் இல்லை. அடி வாங்க ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்பது அளவுகோலிலேயே இருக்கிறது. மாணவன் எப்படி இருந்தாலும் சரி!

இந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும்.

எழும்பூரில் ஒரு கறுப்புப் புத்தகம்

திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்த அதிகாரம் சட்டாம்பிள்ளைக்கு. பெரிய பையன், சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பான், கண்காணிப்பான், வாத்தியார் இல்லாதபோது பிரம்பும் அவன் கையில்தான். நம் கிளாஸ் லீடரின் கொள்ளுத்தாத்தா.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-ல் இந்தியா வந்தார். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதை ஆண்கள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். ஒரு நாள் வெளியே போனபோது, ஒரு 'மலபார்' பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். (அந்தக் காலத்தில் சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் மலபார் என்றுதான் சொன்னார்கள்.) இதையே தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. அதனால் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து, அரிச்சுவடி வகுப்புக்கு நீதான் வாத்தியார் என்று உட்கார வைத்தார். அவன் ஒரு சாதாரண சிப்பாயின் மகன். ஆசிரியர் செய்யாததை அவன் செய்து காட்டினான். மெல்ல மெல்லப் பள்ளி முழுவதும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை வந்தது.

சட்டாம்பிள்ளை முறை நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான். இங்கிலாந்து பின்பற்றிய இந்த முறை நாட்டுப் பள்ளிகளில் நன்றாக நடக்கிறது என்று கேம்பெலும் தன் அறிக்கையில் பாராட்டியிருக்கிறார். ஆனால் பெல் அதோடு சேர்த்த இன்னொரு விஷயம்தான் நம் கட்டுரைக்கு முக்கியம். அதுதான் பதிவேடு.

பெல்லின் பள்ளியில் ஒரு பையன் இன்று எத்தனை பாடம், எத்தனை பக்கம் முடித்தான் என்று நாள்தோறும் கணக்கு எழுத வேண்டும். தவறுகளை எழுத 'கறுப்புப் புத்தகம்' என்று தனியாக ஒன்று. வாரம் ஒரு முறை அதை எல்லோர் முன்னாலும் திறந்து விசாரணை நடக்கும். தீர்ப்புச் சொல்பவர்கள் மாணவர்களிலிருந்தே தேர்ந்தெடுத்த ஜூரிகள்! அடியைக் குறைக்கத்தான் பெல் இதைக் கொண்டுவந்தார். தன் பெயர் புத்தகத்தில் ஏறுமே என்ற பயமே போதும் என்பது அவர் கணக்கு.

1796-ல் பெல் ஊர் திரும்பினார். 1797-ல் சென்னை அனுபவத்தை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். உலகம் முழுக்க அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-ல் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே மாதிரி முறையை இன்னும் பெரிய அளவில் நடத்தினார். ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் வரை படிக்க வைக்கலாம் என்பது அவர் பெருமை. பாடத்துக்கு ஒரு மானிட்டர், வராதவர்களைக் கணக்கெடுக்க ஒரு மானிட்டர் என்று எல்லாவற்றுக்கும் ஆள். ஒவ்வொரு பையனும் வகுப்பில் தன் இடம் எத்தனையாவது என்று காட்டும் எண் அட்டையை அணிந்திருப்பான். முதலாவது இருப்பவனுக்குத் தங்க எழுத்தில் பொறித்த தோல் பட்டயம். லங்காஸ்டரும் பிரம்படிக்கு எதிரி. ஆனால் அதற்குப் பதிலாக, திரும்பத் திரும்பப் பேசுபவன் கழுத்தில் மரக்கட்டை கட்டுவது, கூடையில் உட்கார வைத்துக் கூரையில் தொங்கவிடுவது என்று கண்டுபிடித்தார். பிரம்பே பரவாயில்லை என்று தோன்றுகிறதல்லவா!

இது வரைக்கும் எல்லா அளவுகோலும் ஒரு பக்கம்தான் பார்த்தன. மேடையிலிருந்து கீழே.

அளவுகோல் திரும்பியது

நூறு வருடம் தாண்டி அமெரிக்கா போவோம். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழிற்சாலையில் நேரத்தை அளப்பது போலப் பள்ளியிலும் எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று ஒரு வேகம் கிளம்பியிருந்தது. நியூயார்க்கின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த ரோமியட் ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி சுருக்கெழுத்தாளர்களை வைத்து வகுப்பில் பேசுவதை வார்த்தைக்கு வார்த்தை எழுதினார். 1912-ல் ஆய்வு வெளிவந்தது. அவர் எண்ணியது மாணவர்களின் பேச்சை மட்டும் அல்ல. ஆசிரியர் கேட்கும் கேள்விகளையும் எண்ணினார்.

முடிவு என்ன தெரியுமா? ஆசிரியர் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 கேள்விகள் கேட்கிறார். நிமிடத்துக்கு இரண்டு, மூன்று. பெரும்பாலும் பாடத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கச் சொல்லும் கேள்விகள். வகுப்பில் பேசும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. பேசுபவர்கள் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள் :-)

1928-ல் விக்மன் என்பவர் இன்னும் நேராகவே கேட்டார். மாணவர்களிடம் காணப்படும் ஐம்பது வகையான நடத்தைகளைப் பட்டியல் போட்டு, எது எவ்வளவு மோசம் என்று 511 ஆசிரியர்களிடம் மதிப்பிடச் சொன்னார். அதே பட்டியலைக் குழந்தைகளின் மனநலம் பார்க்கும் 30 நிபுணர்களிடமும் கொடுத்தார். ஆசிரியர்கள் திருட்டு, பொய், பள்ளிக்கு மட்டம் போடுவது, கீழ்ப்படியாமை போன்றவற்றை மேலே வைத்தார்கள். நிபுணர்கள் மேலே வைத்தது வேறு: யாரோடும் சேராமல் ஒதுங்கி இருப்பது, சந்தேகம், எப்போதும் சோர்வு, பயம். ஆசிரியர்கள் பட்டியலில் இவையெல்லாம் அடியில் கிடந்தன.

இந்த ஆய்வில் ஒரு குறை உண்டு. இரு தரப்புக்கும் ஒரே மாதிரிக் கேள்வி கேட்கவில்லை. ஆசிரியர்களிடம் இப்போது எவ்வளவு தொந்தரவு என்ற தொனியிலும், நிபுணர்களிடம் பிற்காலத்தில் எவ்வளவு பாதிப்பு என்ற தொனியிலும் கேட்டிருந்தார்கள். அதனால் வித்தியாசம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். ஆனாலும் விக்மன் கண்டது முழுக்கப் பொய் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று வினாடிக்கு ஒரு புள்ளி

'இவன் சேட்டைக்காரன்' என்பது அபிப்பிராயம். 'இவன் பத்து நிமிடத்தில் நான்கு முறை இடத்தை விட்டு எழுந்தான்' என்பது கவனிப்பு. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கடக்க ஆராய்ச்சியாளர்களுக்குப் பல வருடம் பிடித்தது.

1929-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லார்ட் ஓல்சன், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் நகம் கடிப்பது, விரல் சூப்புவது போன்ற பழக்கங்களை எண்ண ஒரு வழி சொன்னார். நாள் முழுக்கப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு குழந்தையையும் குறிப்பிட்ட சில நிமிடங்கள் மட்டும், பல முறை பார். அந்த நேரத்தில் நடந்ததா இல்லையா என்று மட்டும் குறி. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஆனால் பல இடத்திலிருந்து எடுத்த சோறு. இதற்குக் காலக்கூறு முறை என்று பெயர். இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு நல்ல வழக்கமும் வேரூன்றியது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்பார்கள். இருவர் குறித்ததும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. நான் எழுதிய பேசியவர்கள் பட்டியலை இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்த்திருந்தால் என் நண்பர்கள் இரண்டு பேர் பெயரும் அதில் ஏறியிருக்கும்!

அடுத்து ஃபிளாண்டர்ஸ். பி.எட். படித்தவர்களுக்குக் கேட்டதுமே தூக்கம் வரும் பெயர். ஆனால் ஆள் செய்தது சுவாரசியமான வேலை. வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்தார். ஆசிரியர் பேச்சுக்கு ஏழு, மாணவர் பேச்சுக்கு இரண்டு, அமைதி அல்லது குழப்பத்துக்கு ஒன்று. பார்வையாளர் மூன்று வினாடிக்கு ஒரு முறை, அந்த நொடியில் நடப்பது எந்த வகையோ அந்த எண்ணை எழுத வேண்டும். இருபது நிமிடத்தில் 400 எண்கள். கை வலிக்கும், சொந்த அனுபவம்.

1960-களில் அவர் திரும்பத் திரும்பக் கண்டது இது. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசுகிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் பேசுகிறார். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு, விரிவுரை, கட்டளை, கண்டிப்பு. ஸ்டீவன்ஸ் 1912-ல் கண்டதும் இதே பங்குதான். ஐம்பது வருடத்தில் கார் மாறியது, வீடு மாறியது, வகுப்பில் பேசுபவர் மட்டும் மாறவில்லை.

ரப்பர் பேண்ட் பையன்

இப்போது கட்டுரையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

1968. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஏழ்மையான ஒரு பகுதி. ஹால், லண்ட், ஜாக்சன் என்ற மூவர் அங்கே வகுப்பில் அடங்காத குழந்தைகளைக் கவனித்தார்கள். அதில் ஒருவன் மூன்றாம் வகுப்பு ராபி. (ஆய்வில் கொடுத்த பெயர் அது.) எழுத வேண்டிய நேரத்தில் ரப்பர் பேண்டை இழுத்து விடுவான், பையிலிருந்து பொம்மை எடுத்து விளையாடுவான், பக்கத்தில் இருப்பவனோடு பேசிச் சிரிப்பான், காலையில் கொடுத்த பாலை மெல்ல மெல்லக் குடித்து அந்தக் காலி டப்பாவோடும் விளையாடுவான். இப்படி ஒருவன் உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பான். ஒருவேளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

அரை மணி நேரத்தைப் பத்துப் பத்து வினாடியாகப் பிரித்துக் குறித்தார்கள். ராபி படிப்பில் இருந்தது சுமார் 25 சதவீத நேரம். இது வரைக்கும் வழக்கமான கதை. ஆனால் அதே தாளில் இன்னொரு வரிசையும் வைத்திருந்தார்கள். ஆசிரியர் எப்போது அவன் பக்கம் திரும்புகிறார்? அவனிடம் ஆசிரியர் காட்டிய கவனத்தில் பாதிக்கு மேல், 55 சதவீதம், அவன் படிக்காமல் இருக்கும்போது வந்தது. "ராபி, பேனாவை எடு", "ராபி, அதை உள்ளே வை", "ராபி, இன்னும் முடிக்கலையா?" ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தால் அவனை யாரும் பார்ப்பதில்லை. பொம்மையை எடுத்தால் ஆசிரியர் வருகிறார்.

அதனால் மாற்றியது ராபியை அல்ல, ஆசிரியரை. ராபி ஒரு நிமிடம் தொடர்ந்து வேலை செய்தால் பார்வையாளர் ஒரு சின்ன வண்ணக் காகிதத்தைத் தூக்கிக் காட்டுவார். ஆசிரியர் அவன் பக்கம் போய் நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும். மற்ற நேரம் கண்டுகொள்ளக் கூடாது. ராபி படிக்கும் நேரம் 71 சதவீதமாக ஏறியது. ஆசிரியர் பழையபடி நடந்துகொண்டதும் 50-க்கு இறங்கியது. மறுபடி பாராட்டத் தொடங்கியதும் மறுபடி ஏறியது.

அதே வருடம் இன்னொரு ஆய்வு. தாமஸ், பெக்கர், ஆம்ஸ்ட்ராங் என்ற மூவர் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். நல்ல ஒழுக்கமான 28 குழந்தைகள் கொண்ட ஒரு வகுப்பு. இடையூறு ஏறக்குறைய 9 சதவீதம்தான். ஆசிரியரிடம் பாராட்டை நிறுத்தச் சொன்னார்கள். இடையூறு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. கண்டிப்பையும் அதிகமாக்கச் சொன்னார்கள். 30 சதவீதத்தைத் தாண்டியது! பாராட்டு திரும்ப வந்ததும் அடங்கியது. ஒரே குழந்தைகள், ஒரே அறை, ஒரே ஆசிரியர்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 'இந்த வகுப்பு 30 சதவீதம் அடங்காத வகுப்பு' என்று ஒருவர் எழுதி வைத்தால் அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது யாருடைய எண்? மாணவர் தலையில் எழுதி வைத்தோம். அதில் பெரும் பகுதி மேடையில் நின்றவருடையது. பல்லாரி பள்ளியின் இருபதாவது பையனுக்கு விழுந்த பதினெட்டு அடி மாதிரிதான்.

போர்டில் எழுதினால் பலன் உண்டா?

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1969-ல் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற மூவர், நான்காம் வகுப்பு ஒன்றை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யாராவது அனுமதி இல்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைவான அணிக்குச் சின்னச் சின்னச் சலுகை. இரண்டு அணிக்குமே கோடு குறைவு என்றால் இரண்டும் ஜெயிக்கலாம். இடத்தை விட்டு எழுவது சுமார் 82 சதவீதத்திலிருந்து 9-க்கும், பேச்சு 96-லிருந்து 19-க்கும் விழுந்தது. 1980-களில் பால்டிமோரில் முதல் வகுப்புக் குழந்தைகளோடு இதை விளையாடி, அவர்களை இருபது வயது வரை பின்தொடர்ந்தார்கள். சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களில் பிற்காலப் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது என்று கண்டார்கள்.

நம் பேசியவர்கள் பட்டியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே கோடு ஒருவன் பெயரில் விழவில்லை. எது தப்பு என்று முன்கூட்டியே சொன்னார்கள். எண்ணிக்கையின் முடிவில் பிரம்பு இல்லை. எல்லாரும் ஜெயிக்க வழி இருந்தது.

ஆனால் 1972-ல் வினெட், விங்க்லர் என்ற இருவர் தங்கள் துறைக்காரர்களையே பார்த்து ஒரு கேள்வி போட்டார்கள். இத்தனை ஆய்வுகளிலும் நீங்கள் 'நல்ல நடத்தை' என்று எதை எண்ணினீர்கள்? அசையாமல், பேசாமல், சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருப்பது. அதுவா படிப்பு? பக்கத்தில் இருப்பவனிடம் கணக்கில் சந்தேகம் கேட்டாலும் அந்தத் தாளில் அது 'பேச்சு'தானே? பதிலும் வந்தது, விவாதமும் நடந்தது. அதற்குப் பிறகு பலர் அமைதியை விட்டு, செய்து முடித்த வேலையை எண்ணத் தொடங்கினார்கள்.

நம் பள்ளிகளில் இன்ஸ்பெக்‌ஷன் அன்று நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரியும். "பதில் தெரிஞ்சவங்க வலது கையைத் தூக்குங்க, தெரியாதவங்க இடது கையைத் தூக்குங்க." அதிகாரி பார்க்கும்போது வகுப்பு முழுக்கக் கை! கையை எண்ணினால் கைதான் கிடைக்கும்.

கேமரா சட்டாம்பிள்ளை

2018-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளி செய்திகளில் வந்தது. வகுப்பறையில் கேமரா வைத்து, 30 வினாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு மாணவனையும் கணினி பார்த்தது. படிக்கிறானா, எழுதுகிறானா, கை தூக்கினானா, மேஜையில் சாய்ந்தானா என்று குறித்தது. போதாததற்கு முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியா, சோகமா, கோபமா என்றும் குறித்தது. அந்த நாட்டிலேயே பலத்த எதிர்ப்பு எழுந்தது.

ஃபிளாண்டர்ஸுக்கு மூன்று வினாடி, கன்சாஸில் பத்து வினாடி, இங்கே முப்பது வினாடி. அடிப்படையில் அதே காலக்கூறு முறைதான். ஆனால் பழைய தாள்களில் ஆசிரியருக்கு என்று இருந்த வரிசை இதில் எங்கே? கேமரா கரும்பலகைப் பக்கத்திலிருந்து மாணவர்களைப் பார்க்கிறது. பெல்லின் கறுப்புப் புத்தகத்துக்கே திரும்பப் போனது மாதிரி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின்படி, கல்வி நிலையங்களில் முகத்தையும் உடலையும் வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துவிட்டது. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

கடைசியாக என் பட்டியல்

விக்மன் சொன்னதை ஏன் ஒதுக்க முடியவில்லை என்று சொல்கிறேன் என்றேன்.

என் ஏழாம் வகுப்புப் பட்டியலில் தினமும் முதலில் வந்த பெயர் ஒன்று உண்டு. அவன் பேசினானோ இல்லையோ, கை தானாக அந்தப் பெயரை எழுதிவிடும். எழுதாவிட்டால் ஆசிரியரே, "என்ன, இன்னைக்கு அவன் பேர் இல்லையா?" என்று கேட்பார். அவன் இப்போது சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்து நன்றாக இருக்கிறான். பார்க்கும்போதெல்லாம், "எத்தனை எக்ஸ் போட்டடா எனக்கு!" என்று முதுகில் தட்டுவான்.

எனக்கு உறுத்துவது அவன் அல்ல. ஜன்னல் பக்கம் கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். வருடம் முழுக்க அவன் பெயரை நான் ஒரு முறைகூட எழுதியதில்லை. அவன் யாரோடும் பேசவே மாட்டான். ஒழுங்கான பையன் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து அவன் வரவில்லை. கொஞ்ச நாள் அட்டெண்டன்ஸில் பெயர் கூப்பிட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். என்ன ஆனது என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை. அவன் பெயர்தான் பட்டியலில் இல்லையே.

போன மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தாளை நிரப்பியபோது, அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே பேனாவால் இரண்டு வரிசை நானே சேர்த்தேன். ஒன்று, ஆசிரியர் யார் பெயரை எத்தனை முறை எந்தச் சமயத்தில் கூப்பிடுகிறார் என்பது. இன்னொன்று, இந்த நாற்பது நிமிடத்தில் யாருமே பார்க்காத மாணவர் யார் என்பது. இரண்டாவது வரிசையில் ஐந்து பேர் வந்தார்கள். அந்த வகுப்பை எடுத்தது என் கூடப் படிக்கும் தோழி. தாளைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் வகுப்பில் அந்த ஐந்து பேரிடமும் போய்ப் பேசினாள்.

அடுத்த வாரம் நான் வகுப்பு எடுக்க வேண்டும். கடைசி பெஞ்சில் அவள் உட்காரப் போகிறாள். அதே இரண்டு வரிசையோடு வருவேன் என்று இப்போதே மிரட்டிவிட்டாள்.

உங்கள் வகுப்பில் பட்டியல் எழுதியது யார்? அதில் உங்கள் பெயருக்கு எத்தனை பெருக்கல் குறி? நேரம் கிடைத்தால் எழுதுங்கள். அதோடு, பட்டியலில் ஒருமுறைகூட வராத ஒருவரின் பெயர் நினைவிருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள்.